மரண அறிவித்தல்காரன் வாசித்த நாவல்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட எனக்கு அது மரியாதை. ஊரில் யாராவது செத்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். செத்தவர்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. பாதிப்பேர் எனக்குச் சொந்தம், மீதிப்பேர் என்னோடு தேத்தண்ணி குடித்தவர்கள். ஆனால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது அதிலிருந்து வருவது என்னுடைய குரல். அந்தச் சந்தோஷம்தான்.

வாசல் படலையடிக்கு வந்து நின்று முழுவதையும் கேட்பேன். நானே வாசித்ததை, முதல் தடவை கேட்கிறவனைப் போல. 'காலமானார்' என்ற இடத்தில் குரல் ஒரு படி இறங்கும், நடுவில் கொஞ்சம் இழுபடும், கடைசி எழுத்து வாவிப் பக்கமாகப் போய் அடங்கும். அது அடங்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை. பிறகுதான் செத்தது யார் என்ற கவலை வரும்.

நான் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன். கம்பிவலைக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த பஸ் எங்கே போகிறது, எந்த வழியால் போகிறது என்று சொல்வது தொழில். பயணிகளில் அரைவாசிப் பேருக்கு நான் சொன்னது விளங்காது. ஓட்டமாவடிக்குப் போகவேண்டியவர் கல்முனை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார். ஆனாலும் "நல்ல குரல்" என்றார்கள். ஒரு மனிதனைக் கெடுக்க அந்த இரண்டு சொல் போதும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது எனக்கு வேலை போன கவலையைவிட மைக் போன கவலைதான் பெரிது. அந்த நேரம் பார்த்து ஓட்டோக்காரர் வந்தார். "அண்ணே, அறிவித்தல் வாசிக்கிற ஆள் கட்டாருக்குப் போயிட்டார். நீங்க ஒருக்கா வாசிச்சுத் தாங்களன்" என்றார். தந்தேன். அதற்குப் பிறகு செங்கலடியிலிருந்து வந்தாறுமூலை தாண்டும்வரை, செத்துப்போகிற தமிழர் அநேகமாக என் வாயால்தான் போனார்கள்.

என் மனைவிக்கு இந்தக் குரல் பெருமையில் ஒருநாளும் ஈடுபாடு இருந்ததில்லை. அவள் வாசிக்கிறவள். அடுப்பில் சோறு கொதிக்கும்போது ஒரு கையில் அகப்பை இருக்கும், மற்றக் கையில் நாவல் இருக்கும். எங்கள் வீட்டில் சோறு பல தடவை குழைந்திருக்கிறது. கதையில் முக்கியமான இடம் வந்திருக்கிறது என்று நானும் பேசாமல் தின்றுவிடுவேன். பொது நூலகத்தில் அவளுக்குத் தெரியாத அலுமாரி இல்லை. என்னை அங்கே அவளுடைய புத்தகங்களைச் சுமந்துகொண்டு வரும் ஆளாக மட்டும் தெரியும்.

சீனி வருத்தம் என்ற நீரிழிவு அவளுக்குப் பழையது. அது கண்ணுக்குள் இறங்கியதுதான் புதியது. ஒரு காலையில் வாசலில் நின்றுகொண்டு சொன்னாள், "இஞ்சேருங்க, கண்ணுக்குள்ள காகம் பறக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்லெடுத்து எறி புள்ள" என்றேன்.

இப்படிப் பகிடி விட்டு வளர்ந்தவன் நான். கிளினிக்குக்குப் போனோம், கண்ணுக்கு லேசர் அடித்தார்கள், திரும்பவும் போனோம். காகம் போய்ச் சேறு வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து கலங்கின மாதிரி இருக்கிறது என்றாள். யன்னல் இருக்கும் திசை தெரியும், நான் குறுக்கே போனால் நிழல் தெரியும், அவ்வளவுதான். கண்ணைப் பார்க்கப்போன இடத்தில் டொக்டர் கிட்னியைப் பற்றியும் சொல்லிவிட்டார். அதை அவர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். கண் மங்கியவர்களுக்குக் காது கூர்மை என்பதை அவர் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. புத்தகத்தைப் பற்றித்தான் கேட்டாள்.

"அந்தப் புத்தகம் மேசையிலதானே கிடக்கு? டிக்கற் வச்ச இடம் மாறாமக் கிடக்கா?"

அது எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் எழுதிய நாவல். வெளியூரில் யாருக்கும் தெரியாது, உள்ளூரிலும் அதிகம் பேருக்குத் தெரியாது. மாங்கேணியில் பிறந்த ஒரு பெண், புருஷன் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, ஓட்டமாவடியில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்கிறாள். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள். பிள்ளையைக் கூட்டிவரத் திரும்பிப் போகும் வழியில் காய்ச்சல் பிடித்து, தோணிக்குக் காத்துக்கொண்டு துறையில் இருக்கிறாள். அந்த இடத்தில்தான் என் மனைவியின் கண்ணுக்குள் காகம் வந்தது. ஒரு பழைய பஸ் டிக்கற்றை அடையாளம் வைத்து மூடினாள்.

"அவள் துறையில குந்திக்கொண்டு இரிக்கிறாள்" என்று அடிக்கடி சொல்வாள். "நான் அவளை அங்கேயே விட்டுட்டு வந்திட்டன்."

சமையலறைக்கு அப்பால் யாரையோ வெயிலில் உட்கார வைத்துவிட்டு வந்த குற்றவாளி மாதிரி அதைச் சொல்வாள். கிட்னியைப் பற்றிச் சொன்னபோது வராத கலக்கம் இதில் வந்தது.

கனடாவில் இருக்கும் மகள்தான் முதலில் வழி சொன்னாள். போனில் ஒலிப்புத்தகங்கள் கேட்கலாமாம், தமிழிலும் இருக்கிறதாம். அந்த நாவல் இருக்கிறதா என்று தேடினோம். இல்லை. எப்படி இருக்கும்? சரி, வேறு ஏதாவது கேட்டு ஆறட்டும் என்று ஒன்றைப் போட்டுவிட்டேன்.

முதலில் வந்தவருக்கு வாயில் எச்சில் அதிகம். பந்தி முடியும்போதெல்லாம் விழுங்குவார். கதையில் ஒரு தாய் வெள்ளத்துக்குள் பிள்ளையைத் தேடுகிறாள். இவர் விழுங்குகிறார். பிள்ளை கிடைக்கிறது. விழுங்குகிறார். கட்டிலில் கிடந்தபடி என் மனைவி சொன்னாள், "ஆராவது அந்த மனிசனுக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க."

அடுத்தவர் ஒரு பெண். நடிக்கத் தெரிந்தவர் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பாத்திரம் அழப்போகிறது என்று இரண்டு வரிக்கு முன்பே மூக்கை உறிஞ்சத் தொடங்குவார். கிழவனுக்கு ஒரு குரல், பிள்ளைக்கு ஒரு குரல், மாட்டுக்கும் ஒன்று. எனக்குப் பிடித்திருந்தது. என்ன இருந்தாலும் உழைக்கிறார் இல்லையா. இவள் நிப்பாட்டச் சொல்லிவிட்டாள்.

"ஏன் புள்ள, நல்லா அழுறாதானே?"

"அவவே அழுது முடிச்சிட்டா. எனக்கு அழுறத்துக்கு ஒண்டும் மிச்சம் வைக்கல்ல."

இன்னொருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு வாசித்தார். இன்னொன்றில் விடிந்தால் புல்லாங்குழல், இருட்டினால் தவளை, யாராவது கதவைத் திறந்தால் இடி. மழை பெய்யும் காட்சியில் வாசிக்கிறவரே கேட்கவில்லை. நல்ல கதைகள்தான் என்று அவளுக்குத் தெரியும், சிலதை முந்தி வாசித்தும் இருக்கிறாள். தெரிந்த கதையே இந்தக் குரல்களில் அவளுக்கு ஊரார் வீட்டுக் கதை மாதிரி ஆகிவிட்டது. "கண்ணால வாசிக்கக்குள்ள ஒரு குரல் கேக்குமே, அது ஆருட குரல்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். எனக்குக் கண்ணால் வாசிக்கும்போது என் குரல்தான் கேட்கும் என்று சொன்னேன். "அதுதான் நீங்க புத்தகம் வாசிக்கிறல்ல" என்றாள்.

கடைசியில் ஒரு வயதான அம்மாவின் குரல் கிடைத்தது. கொஞ்சம் கரகரப்பு, தடிமன் பிடித்து ஆறிவரும் நேரத்தில் பேசுவது மாதிரி. நடிக்கவில்லை, அழவில்லை, அவசரப்படவும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள் மாதிரி இருந்தார். நாங்கள் உள்ளே போனோம். கொஞ்ச நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை மறந்துவிட்டோம். என் மனைவியின் முகத்தில் பழைய வாசிப்பு முகம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, புருவம் ஏறி, "சும்மா இரிங்க, இப்பதான் போகுது" என்ற முகம். அடுப்பில் வைத்த பாலை நான் பொங்கவிட்டேன். அவளுக்கு மணம் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னொரு கோப்பைப் பாலையும் பொங்கவிட்டிருப்பேன்.

அந்த அம்மா அதிகம் வாசித்திருக்கவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு என் மனைவியின் நினைப்பு மறுபடியும் துறைக்குப் போய்விட்டது. "இவ்வளவு நாளும் காய்ச்சலோட இரிக்கிறாளே" என்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் வாசிச்சிட்டுக் கதையைச் சொல்லட்டா?"

"கதையைச் சொல்லாதீங்க. வாசியுங்க."

இப்போது விளங்கும், என் முட்டாள்தனத்தை ஏன் முதலிலேயே சொன்னேன் என்று. ஊரே கேட்கும் குரல், வீட்டில் ஒரு ஆள் கேட்பதற்கென்ன? மகள் அனுப்பிய சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. நாவலை முதலிலிருந்தே பதிவுசெய்து கொடுத்தால் பழைய இடங்களையும் ஒருமுறை கேட்டுக்கொண்டு துறைக்கு வந்து சேரலாம் என்று திட்டம் போட்டேன். அறைக் கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து ஒழுக ஒழுக முதல் அத்தியாயத்தை வாசித்தேன். அதை முற்றத்தில் கதிரையின்மேல் வைத்துச் சத்தமாகப் போட்டுப் பார்த்தேன். கதை அந்தப் பெண்ணின் தகப்பனில் தொடங்குகிறது. மாங்கேணியில் பிறந்தவர், வாவிக்கரையில் குடியேறியவர், இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன் என்று எழுத்தாளர் பரம்பரையையே வரிசையாக எழுதியிருந்தார். மரண அறிவித்தலும் அப்படித்தான் தொடங்கும். நான் அதை வாசித்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். கையில் அகப்பை, அதில் பாதிக் கறி.

"அண்ணன், ஆரு? மாங்கேணியில உங்களுக்கு ஆரு இரிக்கிறது?"

"கதை புள்ள இது. கதைப் புத்தகம்."

"கதையா?" நம்பவில்லை. "கதையில ஆரு செத்தது?"

"ஒருத்தரும் சாகல்ல. அந்த மனிசன் இப்பதான் பிறந்திரிக்கிறார்."

"மறுகா ஏன் இப்பிடி வாசிக்கிறீங்க? நான் அடுப்பையும் விட்டுட்டு ஓடிவாறன். பொடி எப்ப எடுக்கிறாங்க, எப்ப அடக்கம் எண்டு கேக்கத்தான் நிண்டனான்."

அவள் போகுமுன் ஓட்டோ வந்து நின்றது. ஓட்டோக்காரருக்கு முகம் கோணியிருந்தது. "அண்ணே, என்னில ஏதும் பிழையா? எனக்குச் சொல்லாம வேற ஓட்டோவுக்கு வாசிச்சுக் குடுத்திரிக்கிறீங்க. சந்தியில கேக்குது."

உள்ளே கட்டிலில் என் மனைவி சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். "பொடி எப்ப எடுக்கிறாங்க" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

பகிடி அன்றைக்கு மட்டும்தான். அடுத்த நாளிலிருந்து காலையில் சாப்பாடு முடிந்தபின் பக்கத்தில் இருந்து நேரடியாக வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் குறை சொல்லாத அந்த நாட்களில்தான் நான் பயந்திருக்க வேண்டும். எச்சில் விழுங்கியவருக்குத் தண்ணி கேட்டவள் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாசித்து நிமிர்ந்து பார்த்தால் சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருப்பாள். வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும்போது அவள் செய்வது அதுதான்.

கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"நீங்க வாசிக்கக்குள்ள கதையில ஆருமே உசிரோட இல்ல" என்றாள். "கலியாணம் நடக்குது, எனக்குச் செத்தவீட்டு வெள்ளைக்கொடி தெரியுது. கோவிச்சுக்காதீங்க."

நான் கோபிக்கவில்லை. திருத்தப் பார்த்தேன். குரலை மெல்லியதாக்கினால் பூசை வைக்கிற ஐயர் மாதிரி வந்தது. வேகமாக வாசித்தால் பஸ் புறப்பட்டது. சிரித்துக்கொண்டு வாசித்தேன், அவளுக்குச் சிரிப்புத் தெரியாது, பல்லுக்குள் காற்றுப் போகும் சத்தம்தான் கேட்டதாம். வாவிக்கரைக்குப் போய்த் தனியே நின்று பழகினேன். வீச்சுவலை எறிந்துகொண்டிருந்த ஒருவர் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆரண்ணே?" என்று கேட்டார். என் தொண்டையில் இந்த ஊர் அத்தனை பேரையும் புதைத்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. எந்த வசனத்தை எடுத்தாலும் முடிவில் தானாகவே ஒரு படி இறங்கி, இழுபட்டு, அடங்குகிறது. முற்றுப்புள்ளியைக் கண்டால் என் வாய் கும்பிடுகிறது.

மகளைக் கேட்டோம். காய்ச்சல் தொடங்கும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். வேலை முடிந்து பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு வாசித்துப் பதிவு அனுப்பினாள். இரண்டாம் பக்கத்தில் அவளுடைய குரல் உடைந்தது. துறையில் காய்ச்சலோடு இருக்கும் ஒருத்தியை, அம்மாவுக்காக, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எப்படி வாசிப்பாள்? "பிள்ளையை அழவைக்காதீங்க" என்று என் மனைவி அதோடு முடித்துவிட்டாள். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே பல்கலைக்கழகக் கம்பஸ், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர். நான் கேட்கவில்லை. குரலுக்குப் பேர்போன வீட்டில் இருந்துகொண்டு, அடுத்த வீட்டில் குரல் இரவல் கேட்பதா?

படம் எடுத்த பக்கங்களைப் போனே வாசித்துக் காட்டும் என்று மகள் மறுபடி ஒரு வழி சொன்னாள். நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தது. இயந்திரக் குரல், மூச்சு எடுக்காத பெண். மேலே இருக்கும் பக்க எண்ணையும் விடமாட்டாள். "அவள் அழுதுகொண்டே நூற்றுப் பதினெட்டு ஆலைக்குள் போனாள்" என்பாள். நூலக முத்திரையையும் கதைக்குள் கொண்டுவருவாள். ஆனால் அவளுடைய குரலில் யாரும் சாகவில்லை. என் மனைவி அதைக் கேட்டாள். என்னை விட்டுவிட்டு அதைக் கேட்டாள். நான் வெளியில் மாமரத்தடியில் போய் இருந்துகொண்டு, மூச்சே இல்லாத ஒன்றிடம் மூச்சுள்ள ஒருவன் தோற்றதை யோசித்தேன். முன்பென்றால் இதை வைத்தே சந்தியில் ஒரு மணித்தியாலம் பகிடி விட்டிருப்பேன். அன்றைக்குச் சந்திக்குப் போகவில்லை.

இயந்திரத்துக்கும் ஒரு இடத்தில் தடக்கியது. பேச்சு வரும் இடங்கள். எழுத்தாளர் எங்கள் பேச்சை அப்படியே எழுதியிருந்தார். 'மறுகா', 'ஒள்ளுப்பம்', 'என்னகா' எல்லாம் அந்தக் குரலில் மருந்துப் பெயர்கள் மாதிரி வந்தன. மாமியார் மருமகளை ஏசுகிற இடம், பல் துலக்கும் முறை சொல்வது போல் இருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது, "இஞ்சேருங்க, மாமியை நீங்க சொல்லுங்க."

போனேன். ஆட்கள் பேசுவதை மட்டும் நான், மற்றதெல்லாம் இயந்திரம். மாமியாருக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் தொனியைக் கொடுத்தேன். ஆலை முதலாளி ஓட்டமாவடி ஆள், நல்ல மனிதர். அவருக்கு, பஸ் நிலையத்தில் என்னோடு பல வருஷம் சண்டை பிடித்த ஒரு கொண்டக்டரின் குரல். ஏசுவதற்கும் பேரம் பேசுவதற்கும் என் வாயில் இடம் இருந்தது, அறிவித்தலில் அதெல்லாம் இல்லைத்தானே. இயந்திரத்தை நேரத்துக்கு நிறுத்தக் கண்ணாடி தேட வேண்டும், அதற்குள் இயந்திரக்காரி என் வசனத்தையும் சொல்லிவிடுவாள், நான் முந்திக்கொண்டு கத்துவேன். என் மனைவி வாய் ஒரு பக்கம் கோணக் கேட்டாள். "மாமி சரி. முதலாளி ஒள்ளுப்பம் குறையுங்க" என்றாள். சில நாட்கள் அப்படிப் போயின. அந்த நாட்களை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. அதிலேயே இதை முடித்துவிடலாம் என்றும் ஆசையாக இருக்கிறது.

அவளுக்குக் கால் வீங்கியது. கிளினிக் நாட்கள் கூடின. கட்டிலில் இருந்து கதிரைக்கு வருவதே பயணம் ஆகியது. டொக்டர் இப்போது மெதுவாகப் பேசுவதில்லை, அவளிடமே சொல்கிறார். ஓட்டோக்காரர் வந்து ஒரு அறிவித்தலுக்குக் கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். இன்னொன்றுக்கு வந்தார். அதற்கும் அதையே சொன்னேன். அவர் உள்ளே கட்டிலைப் பார்த்தார், பிறகு கேட்க வருவதை விட்டுவிட்டார். எனக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை. எழுதாமலே மனப்பாடமாகக் கிடக்கும் ஒரு அறிவித்தல் இருக்கிறது, மைக்கைப் பிடித்தால் அது வந்துவிடும் என்று பயம். அதை நான் வேண்டுமென்று பாடமாக்கவில்லை. பிறப்பிடமும் வசிப்பிடமும் தெரியும், கணவன் யார் என்றும் தெரியும். மிச்சத்தை வாய் தானே கட்டிக்கொண்டது. ஒருநாள் முகம் கழுவும்போது பாதிவரை சொல்லிவிட்டேன். தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டு நின்றேன், அவளுக்குக் கேட்டிருக்கக்கூடாது என்று. அவளுக்கு எல்லாம் கேட்கும்.

நாங்கள் துறைக்கு வந்து சேர்ந்தோம். பஸ் டிக்கற் வைத்த பக்கம். அவள் நிமிர்ந்து உட்காரக் கேட்டாள், தலையணை வைத்தேன். அதற்குப் பிறகு கடைசி அத்தியாயம் ஒன்றுதான்.

நூலகத்துக்குள் ஒரு வருஷம் வெள்ளம் வந்திருந்தது. அந்தப் புத்தகம் கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. கடைசிப் பக்கங்களில் தண்ணீர்க்கறை, மை பரவி, ஒரு பக்கத்தின் எழுத்து மற்றதில் ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் என் கண்ணுக்குத் தெரியும். போனுக்குத் தெரியவில்லை. எப்படிப் படம் எடுத்தாலும் இயந்திரக்காரி ஏதோ எழுத்துக்களைக் கொட்டினாள், நடுவில் நின்றாள், பக்க எண்ணை மட்டும் தெளிவாகச் சொன்னாள். அத்தியாயத்தில் பேச்சு ஒன்றும் இல்லை. மாமியார் இல்லை, முதலாளி இல்லை. அந்தப் பெண்ணும் தண்ணீரும் மட்டும்.

நான் முதலில் தனியே, வாய் திறக்காமல், வாசித்துப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு நாவலின் முடிவை நான் அவளுக்கு முந்திப் படித்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பெண் சாகவில்லை. காய்ச்சலோடு தோணியில் ஏறுகிறாள், அக்கரைக்குப் போய்ச் சேருகிறாள், பிள்ளையின் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது, படலையில் கையை வைக்கிறாள். அவ்வளவுதான். படித்துவிட்டுக் குசினிக்குள் போய், சும்மா ஒரு சட்டியை எடுத்துக் கழுவினேன். நல்ல செய்தி ஒன்றை அவளுக்கு வாசிக்கப் போகிறேன் என்று இருந்தது. என் வாயால் போகும் முதல் நல்ல செய்தி.

பின்னேரம், வெயில் இறங்கி அறைக்குள் காற்று வந்த நேரம், பக்கத்தில் கதிரையைப் போட்டேன். தண்ணீர் குடித்தேன், விழுங்கும் சத்தம் வராமல் இருக்க. புத்தகத்தை யன்னல் பக்கம் சரித்துப் பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் சேலை ஓரத்தில் இல்லை, மடியில் சும்மா இருந்தது.

"அவள் தோணியில் ஏறினாள்" என்று வாசித்தேன்.

அதுதான் முதல் வசனம். அதில் ஒன்றுமில்லை, ஒரு பெண் ஒரு தோணியில் ஏறுகிறாள். ஆனால் கடைசிச் சொல்லில் குரல் ஒரு படி இறங்கியது. நான் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். நடுவில் இழுபட்டு, கடைசியில் வாவிப் பக்கமாகப் போய் அடங்கியது. ஒழுங்கையில் நாய் ஒன்று குரைத்தது.

அவள் கையை நீட்டித் தடவி, புத்தகத்தைக் கண்டுபிடித்து, என் விரலோடு சேர்த்து மூடினாள். டிக்கற் கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை.

"ஏன் புள்ள? கொஞ்சப் பக்கம்தான் இரிக்கு. அவள் எவ்வளவு நாளாத் துறையில இரிக்கிறாள்."

அவள் மூடிய புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லக்கூடாது என்றிருந்ததைச் சொல்லிவிட்டேன். "அவள் சாகல்ல புள்ள. நான் பாத்திட்டன், கடைசி வரைக்கும் பாத்திட்டன். அவள் சாகல்ல."

"நீங்க வாசிச்சாச் செத்திருவாள்."